நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

மூன்றாம் பருவம், உலக இலக்கியத் தாள்.
போர்த்துக்கீசிய நாவல்கள் இரண்டு, தமிழில்.
நூலகத்தில் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பிரதி.
கமலாலயம் வடகரை ஜெராக்ஸ் கடையில்
முதுகு ஒடிய மல்லாத்தி எடுத்த நகல்களில்
நடுமடிப்பு எழுத்துகள் சரிந்துபோயிருக்கும்.
அந்த இடத்தில் யாராவது செத்தால்
யாரென்று ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் நாவலில் ஒரு தையற்காரன்.
பிணங்களுக்குக் கோட்டு தைப்பது தொழில்.
ஒருநாள் வந்த அளவுச் சீட்டில்
தோள், கை, கழுத்து எல்லாம் அவனுடையவை.
தைக்கிறான். நூற்றெண்பது பக்கம் தைக்கிறான்.

‘பொத்தான் வைக்கிறதுக்கே ஒரு அத்தியாயமா?’
என்றான் உத்திராபதி.
‘எங்க ஊர்ல மூங்கில் வெட்டப் போறவரு
வாசல்ல நின்னு ஒரு பார்வை பாப்பாரு.
அவ்வளவுதான் அளவு.’
சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.
போன ஆடியில் அவன் அப்பாவுக்கு
மூங்கில் ஒரு சாண் குறைந்து
பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை
டீ குடிக்கும்போதுதான் சொன்னான்.

இங்கர்சால் திருத்துறைப்பூண்டிப் பக்கம்.
கோட்டுக்குக் கூலி யார் கொடுத்தது,
ஒரு பக்கத்திலும் இல்லையே என்று கோபப்பட்டான்.
அவன் வீட்டுக் குத்தகைப் பதிவு தாத்தா பெயரில்.
தாத்தா போய்ப் பதினோரு வருடம்.
பயிர்க் காப்பீட்டுக் குறுஞ்செய்தி
இன்னும் அவருக்குத்தான் வருகிறது:
அன்புள்ள விவசாயி, தங்கள் சம்பா...
‘இத எழுதச் சொல்லுங்க அந்தாள.’

நூருல் அய்னி கதையை விட்டுவிட்டுச்
சொற்களைப் பொறுக்கினாள்.
சன்னல், மேசை, அலமாரி, சாவி:
இவற்றுக்கு மொழிபெயர்ப்பாளர் காசு வாங்கியிருக்கக் கூடாது,
எப்போதோ கப்பலில் வந்து இறங்கியவை என்றாள்.
‘சாவு நம்முடையது, சாவி அவர்களுடையது’
என்று எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினாள்.
அந்த வரி எனக்கு வந்திருக்கலாம்.

இரண்டாவது நாவலில் அக்காளும் தங்கையும்.
காய்ச்சலில் ஒருத்தி போய்விட,
பிழைத்தவளைத் தாய்
போனவள் பெயரால் கூப்பிடுகிறாள்.
இவளும் என்னம்மா என்று போய் நிற்கிறாள்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
கல்லறையில் அந்தப் பெயரைப் படித்துவிட்டு
‘இது நான் இல்லை’ என்கிறாள்.

வகுப்பே அந்த இடத்தைக் கொண்டாடியது.
தன்னிலை, மறுப்பு, இருத்தல் என்று
கரும்பலகை நிறைந்தது.
நானும் அப்படித்தான், நாலு பக்கம்.

தாள்களை அடுக்கித் துறையில் கொடுப்பது என் வேலை.
கீச்சாங்குப்பத்திலிருந்து வரும் மணிமொழி
ஏழே வரி எழுதியிருந்தாள்.

‘எனக்கு முன்னால் ஒரு மணிமொழி இருந்தாள்.
நாலு வயசு, கடல் வந்த அன்று போனாள்.
அம்மா ஆபரேஷனைத் திருப்பிச் செய்துகொண்டு என்னைப் பெற்றாள்.
படத்துக்குக் கீழே என் பெயர் இருக்கிறது.
மார்கழியில் மாலை வாங்கி வருவது நான்தான்.
அது நான் இல்லை என்று ஒருநாளும் தோன்றியதில்லை.
அந்தப் பெண் பொய் சொல்கிறாள், அல்லது மொழிபெயர்ப்பில் தப்பு.’

பேருந்து நிலையத்தில் நின்றபடி படித்தேன்.
நாகை வண்டி ஒன்று போனது. இன்னொன்றும்.
என் நாலு பக்கத்தை அடுக்கிலிருந்து உருவி
மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.
தரவில்லை என்று பூஜ்யம் போட்டார்கள்.

மறுவாரம் நூலகப் பிரதியைப் பிரித்தேன்.
‘இல்லை’யின் மேல் ஒரு பென்சில் கோடு,
அழுத்தமே இல்லாமல்.
ரப்பர் வைத்தால் போய்விடும்.
அதற்குள் அடுத்த செட்டுக்கு நகல் எடுத்தாயிற்று.
நகலில் கறுப்பாக விழுந்திருக்கிறது,
அச்சோடு அச்சாக.

‘அக்கா, இந்த எடத்துல என்ன இருக்கு, தெரியல’
என்று ஜூனியர் பையன் ஒருவன்
பக்கத்தைத் திருப்பிக் காட்டினான்.
இருக்கிறதைப் படி என்றேன்.